மாவு டின்னுக்குப் பின்னால்

மாவு டின்னுக்குப் பின்னால் சந்தனமாரி ஒளித்து வைத்திருந்த பழைய செல்போன் அன்றும் கூவியது. சட்னி அரைத்துக்கொண்டிருந்தவள் எழுவதற்குள் தளவாய் பாய்ந்து எடுத்துவிட்டான்.

குற்றாலத்தில் சீசன். அருவியில் குளித்த ஈரத்தோடு கூட்டம் இட்லிக்கு நிற்கிற நேரம் பார்த்துத் தினமும் இவளை எவன் கூப்பிடுகிறான்? கடை முதலாளிக்குத் தெரிய வேண்டாமா? அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதென்றால் தளவாய்க்கு அப்படி ஒரு ருசி.

யாரும் கூப்பிடவில்லை. திரையில் எழுத்துதான் மின்னியது: ‘எச்.ஐ.வி. மருந்து. இன்றைய மாத்திரையைப் போட்டாச்சா?’

தளவாய் போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தான். அதுவும் போதாமல் சோப்புப் போட்டுத் தேய்த்தான்.

“ஏட்டி, இந்தக் கையாலயா மாவு கரைச்ச? சீ! ஒன் மூஞ்சியப் பாத்தாலே வாந்தி வருது.”

“சாப்பாட்டுல ஒட்டாதாம் அண்ணாச்சி. மாத்திரைய மட்டும் நேரம் தவறாமப் போடணுமாம். சத்தம் போடாதிய.”

“எனக்கே பாடம் நடத்துதியா? இந்த மாதிரிப் பொம்பளைய நான் எத்தனை பேரப் பாத்திருக்கேன்! செங்கோட்டை லாட்ஜுல வந்து கேளு, என் பவுசு தெரியும்.”

சொல்லிவிட்டு இளித்தான். இதிலெல்லாம் ஒரு பெருமை அந்த மனுஷனுக்கு! சந்தனமாரி தண்ணீர் குடிக்கிற தம்ளரைக் காலால் எத்திச் சாக்கடையில் தள்ளினான்.

“பஜார் பூரா சொல்லுதேன். தென்காசியில எவன் ஒனக்கு வேலை குடுக்கான்னு பாப்போம்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. இந்த வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படியும் போனை எடுத்து மறுபடி மாவு டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி வேல்விழி சத்தம் கேட்டு உள்ளே வந்தாள்.

“வேலு, இவள இப்பமே வெரட்டு. சீக்குப் பிடிச்சவ. தொட்டுராத!”

வேல்விழி நேராகப் போய்ச் சந்தனமாரியின் தோளைத் தொட்டு நின்றாள். சோற்றில் கிடக்கிற கரப்பானைப் பார்ப்பதுபோலப் புருஷனைப் பார்த்தாள்.

“மாத்திரை எனக்கு. ஒங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதான் போனை இவகிட்ட குடுத்து வச்சேன். நீங்களும் போயி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க.”