எழுத்து பெருசா இருக்கட்டும்

"பாஸ்டரம்மா, இன்னிக்கும் ஒரு கேள்வி இருக்கு" என்றபடி செக்கிங் மேசை முன்னால் வந்து நின்றார் சூப்பர்வைசர்.

அந்தத் தையல் ஆலையில், தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் அவளுக்கு அதுதான் பெயர். புருஷன் பாஸ்டர் இல்லை, லாரி டிரைவர். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஜெபித்துவிட்டுக் குடிப்பாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் ஊரறிந்த நாத்திகர். மூன்று வாரமாக நாற்பது பேர் வேடிக்கை பார்க்க அவளைப் போட்டு வறுத்தெடுக்கிறார்.

"உங்க இயேசு உயிரோட எழுந்ததை நாலு பேர் எழுதியிருக்காங்க. கல்லறைக்குப் போனது ஒரு பொம்பளையா, மூணு பேரான்னுகூட ஒத்துப்போகல. எப்படி நம்புறது?"

கையிலிருந்த சட்டையின் காலரில் தொங்கிய நூலை வெட்டியபடியே அவள் சொன்னாள்.

"போன மாசம் அயர்ன் மேசை தீப்பிடிச்சப்போ எங்க மூணு பேரை விசாரிச்சீங்க. ஆளுக்கொரு மாதிரி சொன்னோம். அதுக்காகத் தீயே பிடிக்கலன்னா ரிப்போர்ட் எழுதினீங்க?"

"இல்ல..."

"ஒரே மாதிரி ஒப்பிச்சிருந்தாதான் சந்தேகப்பட்டிருப்பீங்க. இன்னொண்ணு சார், அந்தக் காலத்துல பொம்பளை சாட்சியை யாரும் மதிக்க மாட்டாங்க. கதை கட்டுறவன் முதல் சாட்சியா பொம்பளைங்களையா கொண்டுவந்து நிறுத்துவான்?"

யாரோ கைதட்டினார்கள். சூப்பர்வைசர் கோபப்படவில்லை.

"இதுவரைக்கும் சொன்ன எட்டு பதிலையும் எழுதிக் கொடு. எழுத்து பெருசா இருக்கட்டும். அப்படியே ஒன்பதாவதா இதுக்கும் எழுது. உங்க இயேசு அவ்வளவு நல்லவர்னா, ஒரு பாவமும் அறியாத பிள்ளையை ஏன் எடுத்துக்கிறார்?"

அவர் நகர்ந்ததும் அயர்ன் போடும் அக்கா ஓடிவந்தாள்.

"எழுதிக் கொடுத்துத் தொலைக்காதேடி! அடுத்த வாரம் பர்மனன்ட் லிஸ்ட். வேலை நேரத்துல நீ மதம் பரப்புறேன்னு அந்தப் பேப்பரை அவர் மேனேஜர்கிட்ட நீட்டினா உன் கதி?"

"வாயால சொன்னதைக் கையால எழுத என்னக்கா பயம்?"

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதினாள். எட்டும் மளமளவென்று வந்தன. ஒன்பதாவதில் மாட்டிக்கொண்டாள். மூன்று தாள் கிழித்த பிறகு, மனசில் இருந்ததை அப்படியே எழுதினாள்.

'இதுக்கு எனக்குப் பதில் தெரியாது. நண்பனோட கல்லறை முன்னாடி இயேசுவும் அழுதார்னு தெரியும். அழத் தெரிஞ்சவரை என்னால நம்ப முடியுது.'

கீழே கையெழுத்தும் போட்டாள்.

தாளை வாங்கிய சூப்பர்வைசர் இரண்டு நாள் அவள் மேசைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அவள் எழுதிய தாள் கசங்கிக் கிடந்தது.

"சார், வேலையை விட்டு எடுக்கிறதுன்னா எடுங்க. எழுதினதை மாத்த மாட்டேன்."

"உட்காரும்மா."

பாஸ்டரம்மா என்று சொல்லவில்லை.

"இதெல்லாம் நான் இன்னிக்கும் நம்பல. ஆனா அந்தக் கேள்வி ஒண்ணுகூட என்னோடது இல்ல. என் வீட்டுக்காரி கேக்கிறது. சர்ச்சே கதின்னு இருந்தவ. பையன் போனதுக்கப்புறம் பைபிளைத் தொடல, ஜெபமும் இல்ல. அது இல்லாம அவளால இருக்க முடியல. நான் பதில் சொன்னா நடிப்புன்னு கண்டுபிடிச்சிடுவா. அதான் உன்கிட்ட வம்பிழுத்து வாங்கிட்டுப் போனேன். அவளுக்குப் பொடி எழுத்து தெரியாது."

அவள் கசங்கிய தாளை மெல்ல நீவிவிட்டாள்.

"எட்டு பதிலையும் படிச்சுட்டு அப்படியே உட்கார்ந்திருந்தா. ஒன்பதாவதுல தெரியாதுன்னு எழுதியிருந்தே பாரு, அதைப் படிச்சுட்டுதான் வாய்விட்டு அழுதா."

சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னிக்குக் காலையில டீயைக் கையில வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடினா. அவ திறக்கிற வரைக்கும் நானும் குடிக்காம உட்கார்ந்திருந்தேன்."