சுவர்க்கோழி சொன்ன யோசனை

மனைவி வீடு திரும்ப முக்கால் மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் நாலையும் சுவருக்குள் வைத்து, தடயம் தெரியாமல் மூடிவிட வேண்டும். கணக்கு வாத்தியாருக்கு உள்ளங்கை வியர்த்து ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது.

நாலும் பதினைந்து அங்குல ஸ்பீக்கர்கள். பள்ளிக்கூட லேபில் இரண்டு மாதம் ஒளித்து வைத்திருந்து, இன்றைக்குத்தான் வாடகை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

நெஞ்சுக்கூடு அதிரும் பாஸ் சத்தம் என்றால் வாத்தியாருக்கு உயிர். ஆனால் போன வருஷம் ஃபிரிட்ஜ் உயரத்துக்கு ஒரு சப்வூஃபர் பெட்டியை ஹாலில் இறக்கியபோதே மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இதை முதல்ல திருப்பிக் கொடுங்க. இன்னொரு பெட்டி இந்த வாசப்படி ஏறினா, ஆம்ப்ளிஃபயரோட சேர்த்து எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடுவேன்!"

சொன்னால் செய்கிறவள். வாத்தியார் பாதி உயிராய்ப் போனார்.

அப்போதுதான் இணையத்தில், ஆடியோ பித்துப் பிடித்தவர்கள் கூடும் குழு ஒன்றில், 'சுவர்க்கோழி' என்ற பெயரில் ஒரு புண்ணியவான் அகப்பட்டார். முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் கரைத்துக் குடித்த ஆள்.

"பெட்டி எதுக்கு சார்? ஹாலுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல ஓட்டை போட்டு ஸ்பீக்கரை மாட்டுங்க. முன்பக்கச் சத்தம் ஹாலுக்கு வரும், பின்பக்கச் சத்தம் ஸ்டோர் ரூமுக்குள்ளயே அடங்கிடும். அந்த ரூம்தான் உங்க பெட்டி!" என்று எழுதினார். இன்ஃபினிட் பேஃபிள் என்று அதற்குப் பெயராம்.

ஆனால் அறை சுத்தமாகக் காலியாக இருக்க வேண்டும். உள்ளே ஒரு டப்பா கிடந்தாலும் பாஸ் அடிக்கும்போது கடகடவென்று மானத்தை வாங்கிவிடும்.

"பழைய பேப்பர், கால் உடைஞ்ச நாற்காலி, எல்லாத்தையும் தூக்கி வெளியில போடுங்க. கதவுக்கு அடியில இருக்கிற இடுக்கை அடைங்க, காத்து கசியக் கூடாது" என்று உத்தரவு வந்தது.

ஆறு வருஷமாக மனைவி தொண்டை வறளக் கத்தியும் அசையாத குப்பை, இரண்டே நாளில் வெளியேறியது. இடுக்கும் அடைபட்டது.

அடுத்த வாரம், "ஸ்டோர் ரூமுக்குக் காத்தோட்டமே இல்லை, வெண்டிலேட்டர் வைக்கிறேன்" என்று கொத்தனாரைக் கூட்டிவந்து சுவரை உடைத்தார். "வைங்களேன்" என்றதோடு மனைவி நிறுத்திக்கொண்டாள். என்ன மாதிரி சமாளித்தோம் என்று வாத்தியார் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

இப்போது நாலையும் மாட்டியாயிற்று. ஹால் பக்கம் வெள்ளைக் கம்பி வலையும் பொருத்தியாயிற்று. சாமி கும்பிடாத குறையாக ஆம்ப்ளிஃபயரைத் தட்டினார்.

இடி இடிக்கும் என்று காத்திருந்தவருக்குக் கொசு தும்மிய சத்தம்தான் கேட்டது. வால்யூமை முழுக்கத் திருகினார். இரண்டு கொசு தும்மின.

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. கழற்றி மறைக்கவும் நேரமில்லை. பாஸும் வரவில்லை, ஆம்ப்ளிஃபயரும் எடைக்குப் போகப்போகிறது.

ஸ்டோர் ரூமுக்குள் ஓடி, ஸ்பீக்கர்களின் பின்பக்கத்தை ஒயர்களோடு போட்டோ எடுத்துச் சுவர்க்கோழிக்கு அனுப்பினார். "சத்தமே வரலே சார்! வீட்டுக்காரி இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடுவா. காப்பாத்துங்க!"

பார்த்துவிட்டார் என்ற அடையாளம் உடனே வந்தது. பதில்தான் வரவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று நிமிஷம் ஆயிற்று. வாசல் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. காலடி நேராக ஸ்டோர் ரூமை நோக்கி வந்தது.

வாத்தியார் இரண்டு கைகளையும் விரித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒரு முதுகை வைத்து நாலு ஸ்பீக்கரை மறைப்பது எந்தக் கணக்கிலும் வராது.

மனைவி ஸ்பீக்கர்களைப் பார்த்தாள். ஒயர்களைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அது வந்து... காத்தோட்டத்துக்கு..." என்று குழறினார்.

அவள் ஹேண்ட்பேக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"கீழ இருக்கிற ரெண்டுக்கும் பிளஸ் மைனஸை மாத்திக் கொடுத்திருக்கீங்க, மேல இருக்கிற ரெண்டோட சத்தத்தை அது தின்னுடுது. வீட்டுக்கு வந்தப்புறமும் இதை டைப் அடிச்சுத்தான் சொல்லணுமா?"