ஹால் தாங்கும் எடை

அப்பா செத்த அன்றைக்கு அவர் வீடு என்னை உள்ளே விடவில்லை.

"ஹால் தரை தாங்கும் எடை நிறைந்துவிட்டது. ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே போகலாம்" என்றது கதவு. கட்டட ஆய்வுக்காரர்கள் எங்கள் எட்டாவது மாடி ஃபிளாட்டில் மாட்டிவிட்டுப் போன குரல் அது.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஐஸ் பெட்டிக்குள் அப்பா. சுற்றிலும் சொந்தக்காரர்கள், கையில் காபியோடு.

"யாராவது ஒருத்தர் எழுந்திருங்களேன்!" என்று கத்தினேன்.

அத்தைக்கு முழங்கால் வலியாம். சித்தப்பா, "கூடப் பிறந்தவன் நான், எப்படிம்மா எழுந்து போறது?" என்றார். அண்ணன் மதிவாணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணிதான் வழி சொன்னாள்.

"மாமாவை வெளியே வச்சிடலாமே. பெட்டியோட சேர்த்து ரெண்டு மூணு பேர் எடை வருமே."

ஒருவரும் மறுக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, நாலு பேராகத் தூக்கிவந்து, லிஃப்ட் பக்கத்தில் குப்பை டப்பாவை ஒட்டி வைத்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஒத்துழைப்புக்கு நன்றி. இப்போது உள்ளே வரலாம்" என்றது கதவு.

நான் போகவில்லை. அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

தலைக்கு மேல் வராந்தாவின் குரல் ஆரம்பித்தது. "அவசர வழியில் பொருட்களை வைக்கக் கூடாது. உடனே அகற்றவும்."

திறந்திருந்த கதவு வழியாக எல்லோருக்கும் அது கேட்டது. அப்போதுதான் சித்தப்பா எழுந்து வந்தார்.

கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஏசி வீணாகிறதாம்.