நான்கு பக்கமும் கித்தான்

“இன்னும் ஒரு சாண் இறக்கு. கால் தெரியுது பார்” என்றார் மேஸ்திரி குழந்தைவேலு.

கப்பற்பாய் தைக்கும் சுப்பிரமணியம் ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏற்கெனவே இருமுறை இறக்கிக் கட்டிய மறைப்பை மூன்றாம் முறையாக அவிழ்த்தான்.

இரங்கூனின் பபேடான் தெருமுனையில் நான்கு நாட்களாக நடமாடும் வீடாக ஒரு மோட்டார் நின்றிருந்தது. பெரிய லாரியொன்றின் முதுகில் ஓர் அறை. அறைக்குள் டாக்டர் அமிர்தநாதனின் கட்டில், அடுப்பு, மருந்து அலமாரி. பக்கவாட்டில் சுருட்டி வைத்திருக்கும் கித்தானை இழுத்து இரண்டு கழிகளில் கட்டினால் கூரை. கூரையின் கீழ் ஒரு மேசை. ஊர் ஊராகச் செல்லும் தர்ம ஆஸ்பத்திரி அவ்வளவுதான். மேலே கூரை உண்டு; சுற்றிலும் சுவர் இல்லை.

பெண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மார்பில் கட்டிய தமெய்ன் கைலிக்குள்ளேயே தெருக்குழாயடியில் குளித்து, அதற்குள்ளேயே உடைமாற்றி, ஒருவர் கண்ணிலும் எதுவும் படாமல் வீடு திரும்புகிறவர்கள் பர்மியப் பெண்கள். மேசைமேலும் அவ்வாறே படுத்தெழுந்தார்கள். தமிழ்ப்பெண்களுக்கு நால்வர் சுற்றி நின்று முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். மேஸ்திரியின் மனைவி கனகாம்பாளே முந்திய மூன்று நாட்களில் பதினொரு பேருக்கு முந்தானை பிடித்திருந்தாள்.

பொருட்படுத்தியவர் மேஸ்திரி ஒருவரே.

துறைமுகத்தில் இருநூறு கூலியாட்களை ஒரு சொல்லால் எழுப்பி மறுசொல்லால் உட்கார வைப்பவர் அவர். முந்தின நாள் டாக்டரிடம் வந்தார். தம் மனைவிக்குச் சொல்லக்கூடாத இடத்தில் கட்டி என்றார். நான்கு நாட்களாகக் காய்ச்சல் என்றார். திறந்த தெருவில் குடும்ப மானத்தை விரித்துக்காட்ட இயலாது என்றார். மானம் என்னும் சொல்லை ஒரே மூச்சில் ஐந்து முறை கூறினார்.

காய்ச்சல் என்றதும் டாக்டரின் முகம் மாறியது. கட்டியை உடனே கீற வேண்டும். தாமதித்தால் விஷம் இரத்தத்தில் ஏறி உயிரைக் கொண்டுபோய்விடும். மோட்டாரோ மறுநாள் நண்பகலில் பெகுவுக்குப் புறப்படுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாமே என்றார்.

“அங்கே என் ஆளுங்கள்ல பாதிப்பேர் கிடக்கிறான், டாக்டரய்யா. அவனுங்க முன்னாலயா?”

ஆகவே மறைப்பு.

கிழக்குப் பக்கத்தில் வெயில் ஏறியதும், உள்ளே நின்ற டாக்டரின் நிழல் தொப்பை முதற்கொண்டு மேற்குக் கித்தானில் தெளிவாக விழுந்தது. அந்தப் பக்கத்திற்கு இரட்டைத் துணி கட்டச் சொன்னார் மேஸ்திரி. ஆற்றுக்காற்று கீழ்விளிம்பைத் தூக்கியது. மணல்மூட்டை வைத்து அமுக்கச் சொன்னார். கூரையும் மறைப்பும் கூடுமிடத்தில் ஒரு விரற்கடை இடைவெளி. எதிர்மாடியிலிருந்து யாரேனும் எட்டிப் பார்க்கலாமாம். அதையும் தைக்கச் சொன்னார்.

“இதுக்கு மேலே தைச்சா கடல்லயே மிதக்க விடலாம், மேஸ்திரியய்யா” என்றான் சுப்பிரமணியம்.

“முதல்ல உன் வாயைத் தை.”

ஒரு பெண்ணின் மானத்திற்காக ஓர் ஆண்மகன் இத்துணைப் பாடுபட்டதை இரங்கூன் அதுவரை கண்டதில்லை. தெருப்பெண்கள் கூடி நின்று வியந்தார்கள். மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்பவள் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். அண்டைவீட்டுக் காளியம்மா மட்டும் கனகாம்பாளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“எங்கேடி வலி? நேத்து எனக்கு முந்தானை பிடிச்சப்பகூட வாய் திறக்கலியே?”

கனகாம்பாள் கணவரைப் பார்த்தாள்.

“அவரைக் கேளு. என் வலி என்னைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்.”

“குடுத்து வச்சவடி நீ” என்றாள் காளியம்மா. தன் கணவனை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அதை அவள் சற்றுக் கசப்புடனேயே சொன்னாள்.

பத்தரை மணிக்கு நான்காம் பக்கமும் மூடப்பட்டது. மேஸ்திரி வெளியே மும்முறை சுற்றிவந்து, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். கம்பவுண்டர் உள்ளே வரலாகாது என்றார். வேண்டிய உதவியைத் தாமே செய்வதாகச் சொன்னார். கனகாம்பாளை முன்னே விட்டு, பின்னே தாம் நுழைந்து, திறப்பை உள்ளிருந்து கட்டிக்கொண்டார்.

தெரு காத்திருந்தது.

முதலில் கத்திகள் தட்டில் உரசும் ஓசை. அடுத்து, டாக்டர் வியப்புடன் ஏதோ வினவும் குரல். மேஸ்திரியின் மிகத் தாழ்ந்த மறுமொழி. பின்னர் அமைதி.

“ஐயோ! அம்மா! செத்தேனே!”

கனகாம்பாளின் குரல்தான். காளியம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். ஏழு பிள்ளைகளையும் அடுத்த அறைக்குக் கேளாமல் பெற்றெடுத்தவள் கனகாம்பாள்.

“ஐயோ! முருகா!”

சுப்பிரமணியம் தலைகுனிந்தான். துறைமுகத்திற்குப் போய்க்கொண்டிருந்த கூலியாட்கள் இருவர் நின்று, விவரம் கேட்டறிந்து, “பாவம், நம்ம மேஸ்திரி மனசு என்ன பாடுபடுதோ” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள்.

உள்ளே, கனகாம்பாள் முக்காலியில் வசதியாக அமர்ந்து, ஒரு கையால் விசிறியை வீசியவாறு, அடுத்த கூச்சலுக்காக மூச்சை இழுத்துக்கொண்டாள்.

மேசைமேல் குப்புறக் கிடந்த குழந்தைவேலு, தலைப்பாகைத் துணியைக் கடித்தவாறே, கத்தி தொடுவதற்குச் சற்று முன்னதாகவே அவள் கத்த வேண்டுமென்று கையால் உத்தரவிட்டார்.