தூரத்திலிருந்து எடுக்க ஒரு கேமரா

"பயணம் போறேம்மா. கையில கனம் இருக்கக் கூடாது," என்றார் பெரியவர்.

காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறேன். நேரு வீதியில் எங்கள் கடையில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடுமாம். குதிகால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

சனிக்கிழமை வேறு. பெங்களூரிலிருந்து வந்த கூட்டம் கேமராக்களை எல்லாம் வாங்கிப் பார்த்து, ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டு, சிரித்துவிட்டுப் போயிருந்தது. இவரும் அந்த ரகம்தான் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டி, கையில் துணிப்பை. காசி டூருக்குச் சீட்டுப் போட்டிருப்பார்.

வெள்ளி நிறத்தில் சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தேன். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது.

"இதுல தூரத்துல இருக்கறது கிட்டத்துல தெரியுமா?"

தெரியாது. சாயங்கால வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் எடுத்தால் தெளிவாக வருமா என்றார். அதுவும் வராது. சரி, விஷயம் தெரிந்த ஆள் போலிருக்கிறது என்று, தோளில் மாட்டுகிற பெரிய கேமராவைக் காட்டினேன். அதைத் தொடவே இல்லை. மாட்டிக்கொண்டு நின்றால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்களாம்.

எனக்கு எரிச்சல் வந்தது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நான் எங்கே போவேன்? பேசாமல் ஃபிலிம் கேமராவாக வாங்கிக்கொள்ளுங்கள், கனமில்லாமல் நல்லதாகவே இருக்கிறது என்றேன்.

"கழுவக் குடுக்கணுமே. எங்க ஊர்ல ஸ்டுடியோ வெச்சிருக்கறவன் என் பங்காளி," என்றார்.

அதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

மனைவிக்குக் காட்டத்தான் கேமராவாம். அந்த அம்மா சித்திரையிலிருந்து படுத்த படுக்கை. இனி எழுந்திருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்களாம். கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாராம். எதை என்று நான் கேட்கவில்லை. ஏதோ கோபுரம் என்று நினைத்துக்கொண்டேன்.

எரிச்சல் கொஞ்சம் இறங்கியது. மேல் தட்டிலிருந்து கறுப்புக் கேமராவை எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் விளையாட்டுச் சாமான் இல்லை. பெரிய லென்ஸ். மங்கின வெளிச்சத்திலும் படம் வரும். பத்து மடங்கு ஜூம், கை நடுங்கினாலும் தாங்கும். பின்னால் இருக்கிற திரை படுத்திருப்பவருக்கும் தெரிகிற அளவு பெரியது.

"சத்தம் வருமா?"

அதையும் நிறுத்திக் காட்டினேன்.

எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். என்னை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் செருப்புக் கடை ஓரமாகப் போனார். துணிப்பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனதால் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

நான் சேலையைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல் சிரித்தேன்.

"இங்க பாக்காதம்மா!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "நான் இருக்கறதே தெரியாத மாரி நில்லு."

வேறு பக்கம் திரும்பி நின்றேன். சிரிக்காமல் நிற்பது கொஞ்சம் ஓய்வாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தவர் திரையில் என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றியில் ஒட்டிய முடி எல்லாம் தெரிந்தது. என்னைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"அவளும் ஒன்ன மாரி நின்னுக்கினேதான் வேலை பாக்கறா போல. எளச்சிட்டா," என்றார்.

யார் என்றேன். மகளாம். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்பாளாம். எதிரே டீக்கடையில் உட்கார்ந்தபடி எடுக்க வேண்டுமாம். பயணம் என்று அவர் சொன்னது இவ்வளவுதான், டவுன் பஸ்ஸில் சேதராப்பட்டு வரைக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொண்ண வீட்டுக்கு வரச் சொல்லுங்க சார். அம்மா நேர்லயே பாத்துக்கட்டும்."

"வரக் கூடாதும்மா. அவளுக்குக் கருமாதி பண்ணிட்டேன்."

வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனதற்கு. சொந்தபந்தம் முன்னால் தலைமுழுகி, காரியம் செய்து, உயிரோடு இருக்கிறவளுக்கு ஊரெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கிறார். சுவரொட்டிக்குக் கொடுத்த படம் திரும்பி வரவில்லையாம். மற்றதையெல்லாம் அன்றைக்கே அவர் கையாலேயே அடுப்பில் போட்டாராம். இப்போது அவளோடு நின்று பேசியது தெரிந்தால், பெண்டாட்டி பிணத்தைத் தூக்கப் பங்காளி ஒருத்தனும் வரமாட்டான் என்றார்.

அந்த ஆளை நன்றாகத் திட்ட வேண்டும் போலிருந்தது. கடையில் வாடிக்கையாளரைத் திட்டவும் கூடாது. ஆத்திரமும் பாவமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு, கேமராவின் அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ பாத்து முடிச்சதும் அழிச்சிடணும். எந்த பட்டன்?"

குப்பைத்தொட்டி படம் போட்ட பட்டன் அவருடைய கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"இந்த மாடல்ல அழிக்க முடியாது சார்," என்றேன். "எடுத்தா எடுத்ததுதான்."

அவர் என்னைப் பார்த்தார். கட்டைவிரல் அந்தக் குப்பைத்தொட்டியின் மேல் போய்க் கொஞ்ச நேரம் நின்றது.

"அப்போ இதையே குடும்மா," என்றார்.