உச்சிக்கிளைச் சபை

ஒரு தோப்புக் குரங்குகள், தங்கள் சபையில் வேற்றினத்தாரும் இருக்கட்டும் என்று குளத்து ஆமையைச் சேர்த்துக்கொண்டன. ஆமைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆனால் சபை கூடுவது உச்சிக்கிளையில். ஆமை தினமும் அடிமரத்தில் வந்து அண்ணாந்து நின்றது. "ஒருநாளாவது கீழே கூடலாமே?" என்று கேட்டுப் பார்த்தது.

"எல்லாருக்கும் ஒரே விதிதான், ஆமையக்கா. உங்களை மட்டும் வேற்றாளாக நடத்தினால் நன்றாகவா இருக்கும்?" என்றது தலைவரான கிழக் கடுவன் குரங்கு.

மழைக்காலத்துக்கான பழங்களைத் தோப்புப் பள்ளத்தில் சேர்த்துவைக்கச் சபை முடிவெடுத்தது. முதல் மழைக்கே அங்கே தண்ணீர் கட்டும் என்பது ஆமைக்குத் தெரியும். தொண்டை வறளக் கத்தியது. மேலே பேச்சும் சிரிப்புமாக இருந்ததில் யார் காதிலும் அது விழவில்லை.

மழை பெய்தது. பழமெல்லாம் அழுகிப்போயிற்று. குட்டிகள் பசியில் அழுதன. கடுவன் இறங்கி வந்தது.

"தண்ணீர் விஷயம் தெரிந்தவர் என்றுதானே உங்களைச் சேர்த்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆமை வாய் திறப்பதற்குள் அது மேலே ஏறிவிட்டது. அன்று கூட்டம் வெகுநேரம் நடந்தது. முடிந்ததும் கடுவன் கிளையிலிருந்து குனிந்து சொன்னது:

"ஓர் ஆமை போதவில்லை, அக்கா. அடுத்த வருஷம் இரண்டாகச் சேர்ப்பது என்று ஏகமனதாக முடிவு செய்துவிட்டோம். உங்கள் சம்மதத்தையும் சேர்த்துத்தான்."