மடித்த இலை

"இது மூணாவது ஓடைதானே?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் ஹாலந்துக்காரர் யோஸ்ட்.

"ஆமா சார். பாத்து வாங்க, வழுக்கும்."

எனக்கும் கால் கடுத்தது. கரையேறியதும் ஒரு குச்சியை நட்டு, நுனியில் ஓர் இலையை மடித்துச் செருகினேன். காட்டுக்குடிகளான பெனான்கள் நாங்கள், பின்னால் வருகிற எங்கள் ஆட்களுக்கு இப்படித்தான் சேதி விட்டுப்போவோம்.

"என்ன எழுதியிருக்கு?"

"நாங்க நல்லா இருக்கோம்னு, சார்."

அவர் உருகிப்போய்ப் படமெடுத்தார். "காலைலேர்ந்து ஒரு மனுஷனைப் பாக்கல. இவ்வளவு பெரிய காட்டுல நாம ரெண்டே பேர்."

சாயங்காலம் அவரை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். ஜெர்மன்காரர்களைக் கூட்டிப்போயிருந்த மச்சான் உகாவ், சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்தான்.

"'நான் வலப்பக்கம் சுத்தறேன், நீ இடப்பக்கம் போ'ன்னு ஒரு குச்சி வைக்க இவ்வளவு நேரமா? மயிரிழைல தப்பிச்சோம். உங்க பேச்சுச் சத்தம் கேட்டு, குரங்கான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அபூர்வமான குரங்குன்னேன்."

சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

"நாளைக்கு மூணு கூட்டமாம்," என்றேன்.

உகாவ் தலையைப் பிடித்துக்கொண்டான். "இருக்கறது ஒரே ஓடை. சுத்திலும் பாமாயிலுக்குப் போட்ட செம்பனைத் தோட்டம். இந்தக் காட்டை இன்னும் எவ்வளவுதான் நீட்டறது, மச்சான்?"